தோன்யா மார்த்தா சொன்ன ‘ஓம்’

“நான் ஓம் எண்டு சொன்னதா எழுதினது ஆர்?”

தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். மடக்குக் கதிரைகள். சுவரோரம் தொங்கிய குளிரங்கிகளில் பனி உருகி, நனைந்த கம்பளி நாற்றம். முன்னால் நின்று கேட்ட பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கட்டையான உருவம், பூவேலை செய்த ரவிக்கை, அதற்கு மேலே யாரோ இரவல் கொடுத்த பெரிய ஜாக்கெட். ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்தார். அவர் கேட்டது ஸ்பானிய மொழியில். பக்கத்தில் நின்றவர் அதைப் பிரெஞ்சில் சொல்வதற்கு முன்னரே எனக்கு விளங்கிவிட்டது.

முப்பது பேரளவில் இருந்தோம். பதில் எனக்குத் தெரியும். எழுதியது நான்.

அவருக்கு இங்கே தோன்யா மார்த்தா என்று பெயர் வைத்திருக்கிறேன். ‘தோன்யா’ என்பது மத்திய அமெரிக்கப் பக்கத்தில் வயதான பெண்களுக்கு மரியாதையாகச் சேர்க்கும் சொல். அவர் பேசிய ஸ்பானியத்தை எனக்கு வரும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆகவே அவர் யாழ்ப்பாணத்தாள் போலக் கதைப்பார், ‘ஆம்’ என்பதை ‘ஓம்’ என்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், “அக்கா, எல்லா அத்தியாயத்திலும் எரிந்து விழுகிறீர்கள், கொஞ்சம் சிரிக்கவும் வையுங்கோவன்” என்று எழுதியிருக்கிறார். வைக்கலாம், தம்பி. இந்தக் கிழமை முடியாது.

காதில் விழுந்த ஊர்

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே நான் மொன்றியல் நகர நடுவில், ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்து வந்தேன். ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஸ்பானியத்திலிருந்து பிரெஞ்சுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மத்திய அமெரிக்காவில் சுரங்கம் தோண்டப் போகிற கம்பனிகள் முதலில் அந்த ஊர்ச்சனத்தைக் கூட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொன்னதற்குச் சாட்சியாக அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு எங்கள் அலுவலகத்துக்கு வரும்.

தோன்யா மார்த்தாவின் ஊரை நான் கண்ணால் கண்டதில்லை. காதால் மட்டும் மூன்று கிழமை அங்கே குடியிருந்தேன். குவாத்தமாலாவின் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். தகரக் கூரையில் மழை கொட்டும். பின்னால் யாரோ சோள ரொட்டி தட்டுகிற சத்தம். ஒரு சேவல், நேரம் காலம் தெரியாமல் கத்துகிற சேவல், ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தியது.

கம்பனி அனுப்பிய ஆள் குழைந்து குழைந்து பேசினான். மலை ஊற்றிலிருந்து தண்ணீர் சுரங்கத்துக்குப் போகும் என்றான். வீதி வரும், சுகாதார நிலையம் வரும், பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசப்படும் என்றான். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும், “விளங்குதோ?” என்றான்.

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் ஒவ்வொரு முறையும், “சீ, புவெஸ்” என்றார். தமிழில் சொன்னால், “ஓம், ஓம்.”

கூட்டத் தொடக்கத்தில் எல்லோரும் எழுந்து தங்கள் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்தக் குரலின் முழுப் பெயரும் எனக்குத் தெரியும். அறிக்கைப் படிவத்தில் இரண்டு நிரல்கள். இடப்பக்கம், கம்பனி சொன்னது. வலப்பக்கம், ‘சமூகத்தின் பதில்’. ஊற்றுத் தண்ணீர் என்ற வரிக்கு நேரே தோன்யா மார்த்தாவின் முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் ‘ஆம்’ என்று போட்டேன்.

கேட்கிற ஓம்

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஓம் இரண்டு வகை. ஒன்று கேட்கிற ஓம், மற்றது ஒத்துக்கொள்கிற ஓம்.

என் மனிசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருக்கும் தமக்கையோடு ரெலிபோனில் கதைப்பார். கதைப்பது அவ, இவர் கேட்பார். “ஓம்... ஓம்... ஓம் அக்கா... ஓம் ஓம்...” ஒரு மணித்தியாலம் ஓம். நான் குசினியில் சமைத்தபடி, இந்த மனிசன் எதையெதையெல்லாம் ஒத்துக்கொள்ளுதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். போனை வைத்துவிட்டு வந்து சொல்வார்: “அவ சொல்லுறது ஒண்டும் நடவாது.”

அது கேட்கிற ஓம். நான் இருக்கிறேன், காது கொடுக்கிறேன், மேலே சொல்லு என்று அர்த்தம். அதைச் சொல்லாவிட்டால் மரியாதை இல்லாத பிறவி என்று தமக்கை போனை வைத்துவிடுவா.

‘சீ, புவெஸ்’ அதே சரக்குத்தான். எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

கனடா வரும் வழியில், காசு வாங்கி ஆள் கடத்துகிற ஏஜென்ற் எங்களைக் குவாத்தமாலாவில் வேறொரு மலையூரில் கொண்டுபோய் இறக்கினார். “ரெண்டு கிழமை பொறுங்கோ” என்றார். எட்டு மாதம் இருந்தோம். அந்த ஆள் கோதாரியில போக. ஆனால் அந்த ஊர்ச்சனத்தை நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். ஊர் நடுவில் பெரிய சீமெந்துத் தொட்டி, சுற்றிவர உடுப்புத் தோய்க்கும் கல். காலையில் பெண்கள் எல்லோரும் அங்கேதான். சவர்க்காரமும் சுண்ணாம்பில் அவித்த சோளமும் மணக்கும். முதல் நாள் நான் வாளியோடு ஒதுங்கி நிற்க, இரண்டு பெண்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து எனக்கு ஒரு கல் விட்டார்கள். நான் ஸ்பானியம் படித்தது அந்தக் கல்லில்.

ஒரு நாள் அவர்களில் ஒருத்திக்குக் கறிவேப்பிலை என்றால் என்னவென்று விளக்கினேன். பாதி ஸ்பானியம், பாதி தமிழ், மிச்சம் கை. இலை என்றேன், மணம் என்றேன், எண்ணெயில் போட்டால் வெடிக்கும் என்று வாயால் வெடித்தும் காட்டினேன். அவள் தலையாட்டித் தலையாட்டி, “சீ, புவெஸ்... சீ, புவெஸ்” என்றாள். பத்து நிமிடம். இவளிடம் கறிவேப்பிலை இருக்கிறது என்று எனக்கு வாயூறிவிட்டது. கடைசியில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இப்ப உனக்கு என்ன வேணும்?”

தொட்டியடியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். வாசகத் தம்பி, சிரிக்கிறதென்றால் இங்கேயே சிரித்துவிடுங்கள்.

அடைப்புக்குறி

எல்லாம் தெரிந்த நான் எப்படி ‘ஆம்’ என்று போட்டேன்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

முதல் தடவை நான் சரியாகத்தான் எழுதினேன். ‘ஆம்’ என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், ‘செவிமடுப்பதற்கு அடையாளமாக; சம்மதம் அல்ல’ என்று குறித்திருந்தேன். ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு அடைப்புக்குறி.

எனக்கு மேலே இருந்தவர் சீனிவாசன். சென்னைக்காரர், பொறியியலாளர், புரோசார்ட் புறநகரில் வீடு. எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்தவரும் அவர்தான். நல்ல மனுசர் என்று நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பண்டிகை என்றால் புளியோதரை கட்டிக்கொண்டு வந்து முதல் பங்கு எனக்குத் தருவார். அன்று என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார்.

“என்ன ராஜி மேடம், பக்கம் பூரா பிராக்கெட்டா இருக்கு? கிளையன்ட் கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க. எடுத்துடுங்களேன்.”

“ஓம், சேர்” என்றேன்.

எடுத்தேன். ஒரு பின்னேரத்தில் எல்லாவற்றையும் அழித்தேன். வேலை முடிந்து மெற்றோவில் லாசாலுக்கு வந்து, வழியில் தெப்பனியர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கி, வீட்டில் சோறும் சமைத்தேன். ஒன்றும் நடக்காத மாதிரித்தான் இருந்தது.

தொட்டி வறண்ட கதை

சில வருடங்கள் போயின. அந்தத் தெப்பனியர் கதவில்தான் ஒரு துண்டறிக்கை ஒட்டியிருந்தது. அந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் பால் பெட்டியோடு நின்றுவிட்டேன். அங்கிருந்து ஒரு பெண் வந்து பேசப்போகிறார் என்று இருந்தது. அப்படித்தான் தேவாலய மண்டபத்துக்குப் போனேன்.

அவர் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதுமே குரலைப் பிடித்துவிட்டேன். மூன்று கிழமை என் காதுக்குள் இருந்த குரல்.

தோன்யா மார்த்தா அழவில்லை. கணக்காகச் சொன்னார். வீதி வந்தது. சுரங்க வாசல் வரை தார், அதற்கு அப்பால் ஊருக்குள் பழைய சேறு. சுகாதார நிலையம் வந்தது. கட்டடம் இருக்கிறது, தாதி இல்லை, பூட்டில் துரு. பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசினார்கள், பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. லொறிப் புழுதியில் கொடியில் காயும் உடுப்பு திரும்பவும் அழுக்காகிறது. திரும்பத் தோய்ப்பதற்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஊற்று முழுவதும் குழாயில் மேலே போகிறது.

இதற்குப் பெயர் அபிவிருத்தி. எங்கள் அறிக்கையின் அட்டையிலும் அந்தச் சொல் தடித்த எழுத்தில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் ஒரு மலையூற்றையே இரண்டு நிரலுக்குள் மறைத்திருந்தோம்.

“ஊர்ச்சனம் போய்க் கேட்டது,” என்றார் தோன்யா மார்த்தா. “எங்கட ஊற்றை எடுக்க உங்களுக்கு ஆர் விட்டது எண்டு. அவங்கள் ஒரு பக்கத்தைக் காட்டினாங்கள். அதில என்ர பேர் இருக்கு. நான் ஓம் சொன்னனாம். இப்ப ஊரில எனக்கு என்ன பேர் தெரியுமோ? ‘ஓம் சொன்னவள்.’ தண்ணியை வித்தவள் எண்டு சொல்லுறாங்கள். என்ர கூடப்பிறந்த தங்கச்சி, பக்கத்து வீடு, ரெண்டு வருசமா என்னோட கதைக்கிறேல்லை. பாதையில கண்டா மற்றப் பக்கம் போறாள்.”

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். எழுதினது ஆர்?

கூட்டம் முடிந்து, மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போன பிறகு, நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். ஸ்பானியத்தில் சொன்னேன்: “நான்தான்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கேட்டது வேறு.

“நல்லாக் கதைக்கிறீங்கள். எங்கட பக்கத்துப் பேச்சு. ஆர் படிப்பிச்சது?”

“உங்கட நாட்டுப் பொம்பிளையள். தோய்க்கிற தொட்டியடியில.”

“அப்ப உங்களுக்குத் தெரியும்தானே,” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத இந்த வாரப் பத்திரிகை முழுவதும் தந்தாலும் போதாது. கம்பனி மீது, சீனிவாசன் மீது, அந்தக் குழைந்த குரல்காரன் மீது எல்லாம் வந்தது. ஆனால் ‘தெரியும்தானே’ என்ற சொல் அவர்களுக்குச் சொன்னதல்ல. எனக்குச் சொன்னது.

போகும்போது ஒரு தாளில் அவர்களுடைய வழக்கறிஞரின் இலக்கத்தை எழுதித் தந்தார். சுரங்கத்துக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று அங்கே வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த ‘ஆம்’ எப்படி வந்தது என்று அதை எழுதினவரே கடிதம் கொடுத்தால் உதவும். “என்ர பேரை அந்தப் பக்கத்தில இருந்து எடுக்க வேணும். எடுத்துத் தாங்கோ,” என்றார்.

சீனிவாசனின் அணை

அடுத்த நாள் காலை சீனிவாசனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ராஜி மேடம், நீங்க எமோஷனல் ஆகாதீங்க. அந்த ரிப்போர்ட் எப்பவோ முடிஞ்சு போச்சு.”

“அந்த மனிசிக்கு முடியேல்லை, சேர்.”

“எங்க ஊர்ல அணை கட்டினப்போ மட்டும் எங்களை யாரு கேட்டாங்க? எங்க அப்பாவுக்கு வேலை கெடச்சதே அந்த அணையில தான். அதனாலதான் நான் படிச்சேன், இங்க உக்காந்திருக்கேன். டெவலப்மென்ட்னா நாலு பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்.”

“அந்த நாலு பேரில உங்கட அப்பா இருக்கேல்லை. அதுதான் உங்களுக்கு இவ்வளவு லேசா வருது.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “பிராக்கெட்டை எடுக்கச் சொன்னேன், சரி. நான் என்ன உங்க கையைப் பிடிச்சா அழிச்சேன்? நீங்கதானே ‘ஓம்’னு சொன்னீங்க?”

எனக்கு விசர் வந்தது. மேசையில் இருந்த அவருடைய தேநீர்க் கோப்பையைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியாததற்குக் காரணம், அந்த மனுசன் சொன்னது உண்மை. அன்றைக்கு நான் சொன்னது கேட்கிற ஓம் இல்லை. முழுசாக விளங்கி, விளைவு தெரிந்து, ஒத்துக்கொண்ட ஓம். வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்ன ஓம்.

“சொன்னனான்தான், சேர். அதையும் எழுதப் போறன்.”

“கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. வெளிய பேசினா வேலை போயிடும். பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். யோசிச்சுக்கங்க.”

அவர் மிரட்டவில்லை. உண்மையாகவே என்னை நினைத்துக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடிதம்

வீட்டில் மனிசனிடம் சொன்னேன். “ஓம், எழுது. சமாளிப்பம்,” என்றார். இது எந்த ஓம் என்று அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நான்கு நாள் இருந்து ஸ்பானியத்தில் எழுதினேன். அடைப்புக்குறி இருந்ததை எழுதினேன், அழித்ததை எழுதினேன், அழிக்கச் சொன்னதையும் நான் உடன்பட்டதையும் எழுதினேன். ‘சீ, புவெஸ்’ என்றால் என்னவென்று எழுதினேன். பிறகு, அந்த மக்களுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்ற நினைப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘கம்பனி சொன்னது இந்த எளிய மக்களுக்கு விளங்கவில்லை; விளங்காமலேயே ஆம் என்றார்கள்.’ நல்ல வரி என்று எனக்கு ஒரே திருப்தி.

தோன்யா மார்த்தா அதற்குள் ஊர் திரும்பிவிட்டார். ரெலிபோனில் கடிதத்தை மெல்ல மெல்ல வாசித்தேன். பின்னால் லொறிகள் போகிற சத்தம். நான் மூச்சு விடுகிற இடமெல்லாம் அவர், “சீ, புவெஸ்” என்றார். வாசித்து முடித்தேன்.

“அப்ப நான் இதை வக்கீலுக்கு அனுப்பிவிடட்டோ, தோன்யா மார்த்தா?”

லொறிச் சத்தத்துக்கு மேலால் குரலை உயர்த்தினார்.

“பொறுங்கோ. எனக்கு அனுப்புங்கோ. நான் கூட்டத்தில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிக் கேக்க வேணும். அதுவரைக்கும் நான் ஓம் சொன்னதா ஒருத்தருக்கும் எழுதிப்போடாதேங்கோ.”

ரெலிபோனை வைத்துவிட்டு அப்படியே குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. வேண்டும் எனக்கு.

ஒன்பது நாள் ஒரு செய்தியும் இல்லை. பத்தாவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு குரல்பதிவு வந்தது. இலக்கம் தோன்யா மார்த்தாவினுடையது, குரல் அவருடையதல்ல. இளைய குரல், கொஞ்சம் கரகரப்பு.

“அம்மா, நான் மார்த்தாவின்ர தங்கச்சி. அக்கா இஞ்ச எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறா. உங்கட கடிதத்தைக் கூட்டத்தில வாசிச்சவ. நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள். பேந்து ரெண்டு நாள் கதைச்சனாங்கள். அனுப்பலாம். ஆனா ஒரு வரி பிழை. எங்களுக்கு விளங்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதை வெட்டுங்கோ. எங்களுக்கு எல்லாம் நல்லா விளங்கினது. அந்த மனுசன் விளங்குதோ, விளங்குதோ எண்டுதான் கேட்டவன். விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அதை எழுதுங்கோ.”

வெட்டினேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினேன்.